பூட்டின் வலது தோள்

உடல்தகுதிச் சான்றிதழில் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அது டேப் அக்காவின் இடம். நாளை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தேர்வுப் போட்டி. இன்று மதியம் ஒரு மணிக்குள், பயிற்சி தரும் மாஸ்டர் தேர்வுக் குழுவிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

மல்யுத்தக் கூடத்தின் பின்புறம், எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் ஈரத் துண்டுகள் தொங்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அங்கே ரெக்சின் கிழிந்த ஒரு கட்டில், ஒரு ஐஸ் பெட்டி, கொக்கியில் மாட்டிய மஞ்சள், சிவப்பு, பச்சை ரப்பர் பட்டைகள். கட்டிலின் ஒரு கால் குட்டை. டேப் தீர்ந்துபோன அட்டை வளையங்கள் இரண்டை அதன் அடியில் செருகியிருந்தார் அக்கா. அந்தக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் பூட்டு.

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. எதிராளியின் இடுப்பைச் சுற்றி அவள் கைகள் கோத்துக்கொண்டால், அப்புறம் நடுவரின் விசில்தான் திறக்க வேண்டும். வயது இருபத்தெட்டு. பகலில் பார்சல் கிடங்கில் வேலை, சாயங்காலம் கூடம்; இன்று லீவு. அக்காவுக்கு அவள் நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. வீட்டில் "அண்ணி" என்பாள். கூடத்துக்குள் வந்தால் எல்லாரையும் போல "அக்கா". செருப்பை வெளியே விடுவது போல உறவையும் வாசலில் விட்டுவிட்டு வருவது என்று இரண்டு பேருக்கும் பேச்சில்லாத ஓர் ஒப்பந்தம்.

"போட்டுக் குடுத்துடுங்க அக்கா. மாஸ்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

"படு. ஒரு தடவை பாத்துட்டுப் போடுறேன்."

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பதினொரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் இருந்தார். மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கை தூக்க முடியாத அம்மாக்கள், சட்டைக்குள் கைவிட முடியாத ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று அங்கே எல்லாமே இறுகிப்போன தோள்கள். தொடுவதற்கு முன்பே கத்துவார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கணுக்கால் பிசகிய தோழிக்கு ஒரு கட்டுப்போட வரச்சொல்லி பூட்டுதான் அவரை இங்கே அழைத்து வந்தாள். ஒரு கணுக்கால் என்று வந்தவர் முன்னால் பதினாலு கணுக்கால்கள் வரிசைகட்டி நின்றன. அன்றைக்கே டேப் அக்கா ஆகிவிட்டார். மாஸ்டர் வாய்க்கு ஒட்டுகிற மாதிரி டேப் இருக்கா என்று ஒரு பையன் ரகசியமாகக் கேட்டதும், பின்னால் நின்ற மாஸ்டரே "அதுக்கு ரெண்டு ரோல் வேணும்டா" என்றதும் அந்த முதல் நாளில்தான்.

முதல் மாதத்திலேயே அக்காவுக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பொய் ஒரு திசையில் ஓடும், இங்கே அது எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே ஒன்றுமில்லாததற்கு "உயிர் போகுது" என்பார்கள். இங்கே விரல் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும்போது "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்பார்கள்.

அதற்கு மாஸ்டரின் பயிற்சியும் ஒரு காரணம். பயிற்சியின் நடுவே யாராவது பல்லைக் கடித்தால், புருவம் சுருங்கினால், ஓரத்திலிருந்து ஒரு சத்தம் வரும்: "முகம்." அவ்வளவுதான். முகத்தில் இருப்பதைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். வலி எங்கே என்று எதிராளிக்குத் தெரிந்தால் அங்கேதான் கைவைப்பாள் என்பது அவர் கணக்கு. அது தப்பான கணக்கும் இல்லை. அந்தக் கூடத்தில் முகத்தைத் துடைப்பதில் முதல் மதிப்பெண் பூட்டுக்குத்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சாதாரணப் பயிற்சியில், பின்னால் சாய்ந்து விழும்போது வலது கையை மெத்தையில் ஊன்றினாள். மேலே ஆள். கை பக்கவாட்டில் விரிந்து பின்னால் முறுக்கிக்கொண்டது. எழுந்து நின்றபோது உருண்டையாக இருக்க வேண்டிய தோள், மேசை விளிம்பு மாதிரி சதுரமாக இருந்தது. எலும்புருண்டை முன்பக்கமாக இறங்கி நின்றது. அப்போதும் முகத்தில் ஒன்றும் இல்லை. "அக்கா, கை கொஞ்சம் நீளமாயிடுச்சு" என்றாள். பக்கத்தில் இருந்த ஒருத்தன் இழுத்து உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று ஆசையாக வந்தான். "தொட்டே, உன் கையை நான் கழட்டுவேன்" என்று அக்கா போட்ட சத்தம் வாசல் வரை கேட்டதாம். நரம்போ ரத்தக்குழாயோ மாட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓர் இழுப்பில் கையே போய்விடும். ஒரு தலையணையை அக்குளில் அணைத்துக் கட்டி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே எக்ஸ்ரே எடுத்துவிட்டு மெதுவாக உள்ளே ஏற்றினார்கள்.

மூன்று வாரம் கையைக் கழுத்தோடு தாங்கும் தூளி. அப்புறம் கையை ஊசல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை. தினமும் காலை ஆறு மணிக்கு, கிடங்குக்குப் போவதற்கு முன், வீட்டுக் கூடத்தில் நடக்கும். காய் நறுக்கியபடி மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வயதில் இந்த ஆட்டத்தில் ஒருமுறை கழன்ற தோள் மறுபடி கழல வாய்ப்பு அதிகம், மருந்து ஏற்றி ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் முதல் வாரமே சொல்லியிருந்தார். பூட்டு மூன்று தடவை தேதி வாங்கி மூன்று தடவையும் தள்ளிப்போட்டாள். போட்டி முடியட்டும் என்றாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தேர்வில் எடுப்பது இரண்டு பேரை. போன இரண்டு வருடமும் அவள் மூன்றாவது. இரண்டு தடவையும் அவளை வீழ்த்தியவள் இந்த வருடம் எடை கூடி மேல் பிரிவுக்குப் போய்விட்டாள். கதவு திறந்து கிடந்தது. அடுத்த வருடமும் அப்படியே கிடக்கும் என்று யார் சொல்ல முடியும்?

பூட்டு மல்லாந்து படுத்தாள். அக்கா முதலில் பலம் பார்த்தார். வெளியே தள்ளு, உள்ளே இழு, மேலே தூக்கு. மூன்றிலும் இடது தோளுக்கு வலது தோள் சளைக்கவில்லை. ஐந்து மாத உழைப்பு அது, பாதி அக்காவுடையது. மனதுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப்பார்த்தது.

அடுத்ததுதான் முக்கியமான பரிசோதனை. கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, பந்தெறியப் போகிறவளைப் போல முன்கையை மெல்லப் பின்னால் சாய்க்க வேண்டும். கழன்ற தோளுக்கு அதுதான் ஆபத்தான வாசல். அங்கே போகும்போது பார்க்க வேண்டியது தோளை அல்ல, முகத்தை. தோள் நிலையாக இல்லாவிட்டால் ஆள் கண்ணை விரிப்பார், கழுத்தை இறுக்குவார், "வேண்டாம்" என்பார்.

அக்கா சாய்த்தார். ஒவ்வொரு விரற்கடையாக. பூட்டின் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கல."

டாக்டரும் இதைத்தான் கேட்டிருக்கிறார், இதைத்தான் எழுதியிருக்கிறார்: வலி இல்லை, நிலையாக உள்ளது. அவர் மேல் குற்றமில்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, பார்க்க வேண்டியதைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

அக்கா பேனாவுக்காகக் கையை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டவர். குழம்பில் உப்பு குறைந்தால்கூட இந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்துவிடும். தோளைப் பிடித்து முறுக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை என்றால், இது மாஸ்டர் பழக்கிய முகம். இதில் படிப்பதற்கு எதுவும் கிடைக்காது.

கையை அதே நிலையில் வைத்துக்கொண்டு, அக்கா தன் இன்னொரு உள்ளங்கையைத் தோளின் முன்பக்கத்தில் வைத்தார். எலும்புருண்டையைப் பின்னால், அதன் இடத்துக்குள், மெதுவாக அழுத்தினார். முன்னால் நழுவிவிடாமல் வெளியிலிருந்து ஒரு தடுப்பு, அவ்வளவுதான்.

பூட்டு மூச்சு விட்டாள்.

நீளமான மூச்சு. வயிறு இறங்கியது. ரெக்சின் ஓரத்தைப் பற்றியிருந்த இடது கை தானாகத் திறந்தது. அதுவரை மூச்சையே விடாமல் இருந்திருக்கிறாள் என்பது அந்த மூச்சு வந்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. பயத்தை மறைக்க அவளுக்குப் பழக்கம் கொடுத்திருந்தார்கள். பயம் விட்டுப்போகும்போது அதையும் மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

உள்ளங்கையைச் சட்டென்று எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அக்கா எடுக்கவில்லை. அழுத்தத்தை விடாமலே கையைப் பத்திரமாக இறக்கி, அவள் வயிற்றின் மேல் வைத்தார்.

"எப்ப?"

எது என்று பூட்டு கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன மாசம். மாடியில. ஈரப் போர்வையைக் கொடியில தூக்கிப் போடும்போது."

"வெளிய வந்துச்சா?"

"பாதி. நானே குனிஞ்சேன், உள்ள போயிடுச்சு."

"அப்புறம்?"

"பஸ்ல ஒரு தடவை. கம்பியைப் பிடிச்சிருந்தேன், பிரேக் போட்டான்."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு வலிக்குதான்னுதானே கேட்டாரு. வலிக்கல. நிஜமாவே வலிக்கல. கழண்டு போயிடப் போகுதுன்னுதான் இருக்கு." எழுந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு நாள். மூணு ஆட்டம், ஆட்டத்துக்கு ஆறு நிமிஷம். நல்லா இறுக்கி டேப் போட்டுவிடுங்க. ஜெயிச்சிட்டு வந்து நீங்க சொல்ற ஸ்கேன் எல்லாம் எடுக்கிறேன்."

டேப் தோலைத்தான் பிடிக்கும், எலும்பைப் பிடிக்காது என்றார் அக்கா. கிண்ணம் கிண்ணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், தோளில் இருப்பது கிண்ணமே இல்லை, சாசர். உருண்டை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, விளிம்புதான் காவல். ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் விளிம்பு கொஞ்சம் உதிரும், உருண்டையிலும் ஒரு பள்ளம் விழும் என்று விளக்கினார். இன்றைக்குத் தைத்துச் சரிசெய்யலாம். விளிம்பு போய்விட்டால் வேறிடத்து எலும்பை வெட்டி வைக்க வேண்டும். அதையும் தாண்டினால் தூக்கத்தில் புரண்டு படுத்தாலே கழலும். நாளைக்கு முதல் ஆட்டத்தில் வரப்போகிறவள் எதில் கெட்டிக்காரி என்று அவருக்கும் தெரியும். வலது கையைப் பிடித்து இழுத்து முதுகுப்பக்கம் ஓடுகிறவள் அவள்.

பூட்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "இதை அக்காவா சொல்றீங்களா, அண்ணியா சொல்றீங்களா?"

"எதுவா இருந்தா நீ கேப்பே?"

"அக்கான்னா உங்க கையெழுத்து இல்லாமலே போவேன். அண்ணின்னா, வீட்டுல எங்கம்மா முகத்துல எப்படி முழிக்கப் போறீங்கன்னு யோசிங்க."

அக்கா பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மாஸ்டர். கையில் பட்டியல், காதில் செருகிய பேனா. என்ன இன்னும் பூஜையா என்று கேட்டுக்கொண்டே காகிதத்தைப் பார்த்தார். காலியிடத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

போடமாட்டேன் என்றார் அக்கா. தோள் நிலையாக இல்லை.

மாஸ்டர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். டாக்டர் சரி என்று எழுதியிருக்கிறார், இந்த இரண்டாவது கையெழுத்து நாமே நமக்காக வைத்துக்கொண்ட வழக்கம், தேர்வுக் குழு இதைக் கேட்பதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அது உண்மை. அந்த அறையில் அக்காவுக்கு இருந்தது அதிகாரமே இல்லாத ஒரு பேனா. "எனக்குக் காட்டுங்க," என்றார் மாஸ்டர். "டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு நானும் பாக்கிறேன்."

காட்ட முடியும். கையை மறுபடி அங்கே கொண்டுபோய், அழுத்திப் பிடித்து, சட்டென்று விட்டால் மாஸ்டருக்கென்ன, வாசலில் நிற்கிற காவலாளிக்கும் புரியும். ஆனால் தோள் கழன்றாலும் கழலும்.

"காட்டமாட்டேன் மாஸ்டர். அவ தோளு ஒண்ணும் சாட்சிக் கூண்டு இல்ல."

"அப்ப நான் எதை நம்புறது?" மாஸ்டர் பூட்டின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு."

பூட்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். அவள் அக்காவைப் பார்க்கவே இல்லை. மாஸ்டருக்கு நேராக நின்று வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினாள். தோள் உயரம் வந்தது. முழங்கையை மடக்கினாள். அக்கா ஓர் அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். இப்போது தொட்டால் அதுவே அவளைப் பிடிவாதத்தில் தள்ளிவிடும். முன்கை பின்னால் சாயத் தொடங்கியது. முகத்தில் ஒன்றுமில்லை. பாதித் தூரம். முக்கால்.

அங்கே கை நின்றது.

நிறுத்தியது அவள் இல்லை என்பது மாதிரி அவளே தன் கையைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை முயன்றாள். அது போகவில்லை. அவளுடைய இடது கை மெல்ல மேலே வந்து, வலது தோளின் முன்பக்கத்தை, சரியாக அக்காவின் உள்ளங்கை இருந்த இடத்தில், பொத்திப் பிடித்துக்கொண்டது.

"வலிக்கல மாஸ்டர்," என்றாள். "ஆனா போயிடும். நாளைக்கு அவ இழுத்தா போயிடும்."

மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்த இடது கையையே பார்த்தார். காதிலிருந்து பேனாவை எடுத்தார். "இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சொல்லுவா?" என்றார் அக்கா.

மாஸ்டர் பட்டியலைச் சுவரில் வைத்து ஒரு பெயரின் மேல் கோடு போட்டார். பூட்டு துண்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

அக்கா வீட்டுக்கு வரும்போது மூன்றரை. அவள் இன்னும் வரவில்லை. மாமியார் கட்டில்மேல் பையைத் திறந்து வைத்து, இஸ்திரி போட்ட ஆட்டச்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீடு, பக்கத்துவீடு, தையல்கடை என்று மூன்று நாளாக மகள் போட்டிக்குப் போவதைச் சொல்லி முடித்திருந்தவர்.

"கையெழுத்து போட்டியா?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

சிகிச்சைக் கட்டிலில் படுத்த ஆளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் முதல் நாள் கற்றுக்கொண்டது. மாமியார் வெளியாள் இல்லைதான். ஆனால் கொடியில் போட்ட போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியது அக்காவின் வாய் இல்லை. தோள் இன்னும் தயாராகவில்லை என்று மட்டும் சொன்னார்.

"டாக்டரே சரின்னுட்டாரு. ஊருக்கெல்லாம் டேப் ஒட்டுற, வீட்டுப் பொண்ணுக்கு ஒரு கையெழுத்து போட மனசு வரல உனக்கு." மாமியாரின் கை மடிப்பதை நிறுத்தவில்லை. சொந்த மகளாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்றும், மூன்றாவது வருடமும் இவள் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும் என்றும் கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த கணவர், குழாயை இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கம்.

அக்கா நின்றபடி வாங்கிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது.

"அவங்க நிறுத்தலம்மா."

வாசலில் பூட்டு. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, மடித்த சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மறுபடி ரெண்டு தடவை கழண்டுச்சு. யாருக்கும் சொல்லல. நாளைக்கும் கழலும்னு நான்தான் மாஸ்டர்கிட்ட சொன்னேன்." சட்டையைத் தள்ளி வைத்தாள். "எனக்குப் பயமா இருக்கும்மா."

குழாய் நின்றது. இருபத்தெட்டு வருடத்தில் மகள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டிராத அம்மாவுக்கு, கையில் இருந்த சாக்ஸை என்ன செய்வதென்று தெரியவில்லை. பைக்குள் வைத்தார், திரும்ப எடுத்தார். கடைசியில் மகளின் இடது பக்கமாகப் போய், கவனமாக இடது பக்கமாக, உட்கார்ந்தார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "காபி குடிச்சியா நீ?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்பு அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சைஸில் வருவதில்லை.

"ஸ்கேன் எடுக்கிற இடம் இன்னிக்குத் திறந்திருக்குமா?" என்றாள் பூட்டு.

"அஞ்சு மணி வரைக்கும்."

"திங்கக்கிழமைக்குக் கேளுங்க. முதல் ஆளா. லேட்டானா நான் மறுபடி மனசை மாத்திக்குவேன். நீங்க வெளிய பெஞ்ச்ல உக்காரக் கூடாது. அந்த மெஷின் வரைக்கும் உள்ள வரணும்."

"விடுவாங்களான்னு தெரியல."

"கேளுங்க அண்ணி."

அக்கா போனை எடுத்து எண்ணைத் தேடினார். மணி நாலு ஆகப்போகிறது. மூன்றாவது ரிங்கில் ஒரு பெண் எடுத்து, பெயரும் வயதும் கேட்டாள். எந்தத் தோள் என்று கேட்டாள்.